முழங்காலில் மறையும் ஓர் அரிய கட்டி

மாத்தளை மாவட்டத்தின் தேயிலைச் சரிவுகளிலும் இறப்பர்க் காடுகளிலும் உழைக்கும் மக்களுக்கு முழங்காலே முதல். நாள்தோறும் கொழுந்துக் கூடையுடன் மேடேறி இறங்கும் கால் ஒன்று வீங்கினால், அதனை வாதமென்றெண்ணி எண்ணெய் தேய்த்துப் பொறுத்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் அது தேய்மானமாகவோ வாதமாகவோதான் இருக்கும். ஆயினும், மிகச் சிலரிடத்தில் அவ்வீக்கத்துக்குக் காரணம் மூட்டின் உட்சவ்வில் வளரும் இராட்சதக் கலக் கட்டியாகும். இருபது முதல் ஐம்பது வயது வரையுள்ளோரையே, அதாவது உழைக்கும் பருவத்தினரையே, இது பெரிதும் பற்றுகிறது.

1941ஆம் ஆண்டில் யாஃபே முதலிய அமெரிக்க வைத்தியர்கள் இந்நோயை விரிவாக விளக்கி, இஃது ஓர் அழற்சியே எனக் கருதினர். உண்மை 2006ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. சவ்வின் சில கலங்களில் ஒன்றாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு இடம் பெயர்ந்து, பெரும்பாலும் இரண்டாம் நிறமூர்த்தத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் விளைவாக சி.எஸ்.எஃப்.1 என்னும் புரதம் அளவின்றிச் சுரக்கிறது. இப்புரதம், கிருமிகளை விழுங்கும் இரத்தக் கலங்களை அழைக்கும் குரல் போன்றது.

முற்காலத்தில் தோட்டங்களில் விடியுமுன் ஒருவன் தப்படிக்க, லயன்களிலிருந்து அனைவரும் பெரட்டுக்குத் திரண்டனர் அல்லவா? இங்கும் அவ்வாறே. கட்டியிலுள்ள கலங்களுள் நூற்றுக்கு 2 முதல் 16 வரையே பழுதுற்றவை. ஏனையவை அழைப்பைக் கேட்டுத் திரண்டவை. அவற்றுட் சில ஒன்றோடொன்று இணைந்து இராட்சதக் கலங்களாகின்றன. மூட்டினுள் அடிக்கடி இரத்தம் கசிவதால், அதிலுள்ள இரும்பு படிந்து கட்டி பழுப்பு நிறம் பெறுகிறது.

இது பொதுவாகப் புற்றுநோயைப் போல உடலெங்கும் பரவுவதில்லை. ஆனால், கவனியாது விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து மூட்டை முடமாக்கும். சிகிச்சையில் முதன்மையானது சத்திரசிகிச்சையே. ஓரிடத்தில் திரண்ட கட்டியை அகற்றினால் அது மீள்வது அரிது. மூட்டெங்கும் படர்ந்ததோ பலமுறை மீண்டும் தோன்றும்.

அத்தகையோருக்காகவே, அழைப்பைக் கேட்கும் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் பிறந்தன. பெக்சிடார்டினிப் 2019இலும், விம்செல்டினிப் 2025இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. தப்போசை செவியில் விழாதவிடத்துக் கூட்டமும் கலைவது போல, பலரிடத்தில் கட்டி சுருங்குகிறது. எனினும், முதலாவது மருந்து ஈரலைக் கடுமையாகத் தாக்கக்கூடுமாதலால் இடைவிடாத இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

மருந்தினும் முந்தியது காலத்தே அறிதல். அடிபடாமலே ஒரு முழங்கால் மட்டும் திரும்பத் திரும்ப வீங்குமாயின், மடக்க நீட்ட முடியாது இறுகுமாயின், எண்ணெயோடு நின்றுவிடலாகாது. மாத்தளை வைத்தியசாலைக்குச் சென்று காட்டுதல் வேண்டும். தேவைப்படின் அங்கிருந்து கண்டிக்கு அனுப்புவர். காந்த அதிர்வுப் படமும் சிறு துண்டெடுத்துச் செய்யும் சோதனையும் ஐயத்தைத் தீர்க்கும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இழப்பது ஒரு நாட் சம்பளம். தாமதித்தாலோ, சம்பளம் ஈட்டும் காலையே இழக்க நேரிடும்.