துள்ளும் பந்தும் சூடாகும் போனும்

இன்னைக்கு நான் பேசப்போறது ஒரு பந்தைப் பத்தி.

1984 ஜனவரி, லாஸ் வேகாஸ், சிஇஎஸ் கண்காட்சி. இன்னும் விற்பனைக்கே வராத அமிகா கம்ப்யூட்டரின் திரையில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய பந்து ஒன்று சுழன்றுகொண்டே துள்ளுகிறது. துளி தடங்கல் இல்லை.

இதுல என்ன பெரிய விஷயம்? ஒரு கணக்கு போடுவோம். 320-க்கு 200 புள்ளிகள், 32 நிறங்கள் என்று வைத்தால் ஒரு திரைக்கு 40,000 பைட். நொடிக்கு 60 முறை மாற்றணும்னா 24 லட்சம். படிக்கணும், எழுதணும், ஆக 48 லட்சம். விற்பனைக்கு வந்த அமிகாவின் பிராசஸர் வேகம் 7.16 மெகாஹெர்ட்ஸ். மெமரியோடு நொடிக்குச் சுமார் 36 லட்சம் பைட்தான் அதால் கொடுத்து வாங்க முடியும். கணக்கு உதைக்குது இல்லையா?

ரகசியம் என்னன்னா, பந்தை யாருமே திரும்ப வரையலை. கோயில் திருவிழாவில் சீரியல் லைட் ஓடும். பல்பு எதுவும் நகராது. அதே வேலைதான். கட்டங்களின் நிறத்தை வரிசையாக மாற்றினால் பந்து சுழல்வது போலத் தெரியும். மெமரியில் எந்த இடத்திலிருந்து படத்தைக் காட்டணும்னு சிப்பிடம் மாற்றிச் சொன்னால் பந்து துள்ளும். பிராசஸர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும்.

ஜே மைனர் குழு செய்த சிப்கள் இவை. அமெரிக்க டிவி சிக்னலின் தாளத்துக்கே அமிகாவின் கடிகாரமும் ஓடியதால், வீடியோவோடு கிராபிக்ஸைக் கலப்பதும் சுலபம். 1990-ல் வீடியோ டோஸ்டர் கார்டு வந்தது. 1993-ல் 'பாபிலோன் 5' முதல் படத்தின் விண்வெளிக் காட்சிகள் அமிகாக்களில்தான் உருவாச்சு.

அதே 1993 டிசம்பர்ல 'டூம்' கேம் வந்தது. அதில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியா கணக்குப் போட்டு எழுதணும். பிசியில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட், வேலை முடிஞ்சது. அமிகாவிலோ ஒரு புள்ளியின் நிறம் மெமரியில் பல இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். பந்துக்குக் கைகொடுத்த அமைப்பே இங்கே காலை வாரிவிட்டது.

நான் சொல்ல வர்றது இதுதான்: கிராபிக்ஸ் சிப் என்பது, நாளைக்கு நாம எந்த மாதிரிப் படம் பார்ப்போம்னு கட்டுகிற பந்தயம். உங்க போனிலும் அதே கதைதான். வீடியோவை விரிக்கத் தனி சர்க்யூட் இருக்கு. அதுக்குத் தெரிந்த வடிவத்தில் வந்தால் பேட்டரி தாங்கும். ஏவி1 மாதிரி புது வடிவம், பழைய போன்னா, மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில். போன் சூடாகும், சார்ஜ் கரையும்.

அதனால அடுத்த போன் வாங்கும்போது மெகாபிக்சலை மட்டும் பார்க்காதீங்க. ஏவி1 ஹார்டுவேர் டிகோடிங் இருக்கான்னும் பாருங்க.