வேட்டை நாயும் கைவாரும்

வேட்டை நாய் மனிதனுக்கு முன்னால் ஓடிப் பழகிய பிராணி. மோப்பம் பிடித்து முன்னே பாய்ந்து, விலங்கை மடக்கி, துப்பாக்கிக்காரன் வந்து சேரும்வரை குரைத்து நிற்பதே அதன் தொழில். அப்படிப்பட்ட நாயின் கழுத்தில் வாரை மாட்டிப் பக்கத்திலேயே நடக்கச் சொன்னால், அதற்கு எங்ஙனம் விளங்கும்? அது இழுப்பது பிடிவாதத்தால் அன்று; பழைய தொழிலை மறவாமையால்.

மட்டக்களப்புப் பிரதேசத்துக்கு இத்தகைய நாய்கள் புதியவை அல்ல. வாழைச்சேனைக்கு வடக்கே வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். 1911ஆம் ஆண்டில் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய நூல் இவர்களையும் குறிப்பிடுகிறது. வேடருக்கு நல்ல வேட்டை நாய் பெருஞ் சொத்து. ஆனால் காயம்பட்ட நாயையும் வயதேறிய நாயையும் எல்லா வேட்டைக்காரரும் வைத்துக் காப்பதில்லை. அவை தெருவுக்கு வருகின்றன. இரக்கமுள்ள ஒருவர் வளவுக்குள் சேர்த்துக்கொள்கிறார்.

சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகுதான். வாழைச்சேனை ஒழுங்கைகளில் ஆடும் கோழியும் தாராளமாகத் திரிகின்றன. அயலார் கோழியைக் கவ்விய நாயை எவரும் இலேசில் மன்னிப்பதில்லை. நஞ்சு வைப்பவரும் உண்டு. எனவே வாரில் அமைதியாக நடப்பது அந்த நாய்க்கு அலங்காரப் பழக்கம் அன்று, உயிர்க்காப்பு.

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டி, விசர்நோய்த் தடுப்பூசி போடுவிக்க வேண்டும். இழுக்கும் நாயின் குரல்வளையைக் கழுத்துப்பட்டி நெரிக்கும். ஆதலால் மார்புப்பட்டியே நல்லது. வார் ஆறடி நீளம் இருக்கட்டும். பாடத்தைப் படலைக்கு உள்ளேதான் தொடங்க வேண்டும்.

பாடம் மிக எளிது, பொறுமைதான் அரிது. வார் இறுகியதும் மனிதர் மரம்போல நின்றுவிட வேண்டும். அதட்டலும் வேண்டாம், எதிர் இழுப்பும் வேண்டாம். பின்னால் இழுக்க இழுக்க நாய் முன்னால் உன்னும். அது அதன் இயல்பு. அது தானாகத் திரும்பி வார் தளர்ந்த கணமே, முள் நீக்கிய அவித்த மீன் துண்டொன்றைக் காலருகே கொடுத்து, மீண்டும் நடக்க வேண்டும். வார் தளர்ந்தால் வழி திறக்கும், இறுகினால் அடைபடும் என்பதை நாய் கண்டுகொள்ளும். ஆனால் பத்துத் தடவைக்கு ஒரு தடவை இழுத்த இடத்துக்குப் போகவிட்டாலும், அது அந்த ஒரு தடவையை நம்பியே இழுத்துக்கொண்டிருக்கும். வீட்டுச் சிறுவர்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தைச் செய்பவர்கள்!

மோப்பத்தை அடியோடு மறுப்பது கொடுமை. இருபது அடி ஒழுங்காக நடந்தால், வேலியோரம் சற்று முகர விடலாம். அந்நாய்க்கு மீனைவிட அது பெரிய கூலி. ஆட்டைக் கண்டு உடல் விறைத்தால், நாய் மீன் துண்டைக் கவனிக்கும் தூரத்துக்குப் பின்வாங்கி, அங்கிருந்து நாளுக்கு நாள் நெருங்க வேண்டும். ஓட்டமாவடிப் பாலத்துப் பெருந்தெரு கடைசிப் பாடம். வாகனம் குறைந்த விடியற்காலையே அதற்கு ஏற்றது.

வெடிச்சத்தத்துக்கு அஞ்சியதாலேயே வேட்டைக்கு உதவாமற் போன நாய்களும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு நாட்களில் அவற்றை வெளியே கொண்டுபோகாதிருப்பது நன்று. வழியில் சீனவெடி கேட்டு நடுங்கினால், அன்றைய பாடத்தை அத்துடன் விட்டு, அது போகும் வேகத்திலேயே வீடு திரும்பிவிடலாம்.