தொழுவத்துத் தாய்க்கு மகப்பேறு விடுப்பு எங்கே?

(எல்லைப்புறக் கறவை மாடு வளர்ப்போரிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர உறவு அறுபடவில்லை. களியக்காவிளைக்கு அப்பால் பிறந்த பெண் பாறசாலையில் வாழ்க்கைப்படுகிறாள். மறுநாள் காலையிலேயே தொழுவமும் அவள் பொறுப்பாகிறது.

இயற்கை முறைப் பால்பண்ணை பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. 2010-இல் இடது ஜனநாயக முன்னணி அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கையை அறிவித்தது, அதை ஆதரிக்கிறோம். ஆனால் களைக்கொல்லி செய்துவந்த வேலையை இனி யார் செய்வது? புல்லறுப்பதும் சாணத்தை உரக்குழியில் சேர்ப்பதும் பெண்ணின் கைகளே. இரசாயனம் குறையக் குறைய அவளுடைய உழைப்பு கூடுகிறது. சங்கத்தில் பால் அளக்கும்போதோ, கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் பார்த்தே விலை போடப்படுகிறது. மருந்து தெளிக்காத புல்லுக்கு அங்கே கணக்கில்லை. மாட்டைப் பார்ப்பவள் மனைவி, உறுப்பினர் கணவர் என்ற நிலையும் பல வீடுகளில் உண்டு. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு அவளைக் குடும்பத் தொழிலில் ‘ஊதியமற்ற உதவியாளர்’ என்று எழுதிக்கொள்கிறது. உதவியாளராம்!

இந்தப் பெண் கருவுற்றால் என்ன நேர்கிறது? மாட்டுக்கு விடுமுறை கிடையாது. காலையும் மாலையும் கறந்தே ஆகவேண்டும். கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தால் புரூசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும். கர்ப்பிணிக்கு அதனால் கருச்சிதைவும் நேரக்கூடும். நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. அதைத் தவறாமல் போடச்செய்வது நம் சங்கங்களின் வேலை. கர்ப்பிணி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லலாம். வேறு ஆள் எங்கே?

1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு 26 வார விடுப்பு தந்தது. அது நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு. சொந்தத் தொழுவத்தில் உழைப்பவளுக்கு அல்ல. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவியை உரிமையாக்கியது. ஒன்றிய பா.ஜ.க. அரசோ திட்டம் என்ற பெயரில் முதல் குழந்தைக்கு அதை 5,000 ஆக்கிச் சுருக்கியது. 26 வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 28 ரூபாய்கூடத் தேறாது.

பின்லாந்தில் கால்நடை வளர்ப்போருக்கு விடுப்புக் காலத்தில் மாற்று ஆள் அனுப்பும் ஏற்பாடு சட்டப்படியே இருக்கிறது. இங்கும் இயலாததல்ல. ஊர்தோறும் பால் சங்கம் இருக்கிறது, 1998 முதல் குடும்பஸ்ரீ இருக்கிறது. இரண்டும் சேர்ந்து பயிற்சி பெற்ற கறவையாளர் குழுவை அமைக்கலாம். கூலியைச் சங்கமும் பஞ்சாயத்தும் பகிர்ந்துகொள்ளலாம். சங்க உறுப்பினர் பதிவு பெண் பெயரிலும் வேண்டும். பால் பணம் அவள் கணக்குக்கே செல்லவேண்டும்.

அடுத்த பொதுக்குழு கூடுமுன் இவற்றைத் தீர்மானமாக எழுதி, ஒவ்வொரு சங்கத்திலும் பெண்களே முன்மொழியச் செய்யுங்கள்.