ஒரே இடத்துல ஒரே புள்ளி

திருப்பூர் பிரிண்டிங் பட்டறையில வேலை பார்த்தவங்களுக்கு இது தெரியும். ஒரு டி-ஷர்ட்ல மட்டும் குறை இருந்தா, அது பஞ்சோ தூசியோ. எல்லா பீஸ்லயும் அதே இடத்துல புள்ளி விழுந்தா? ஸ்கிரீன்ல பின்ஹோல்!

தபால்தலைக்கும் இதே கணக்குதான். 1854-ல கல்கத்தா சர்வேயர் ஜெனரல் அலுவலகத்துல, கேப்டன் தூலியர் மேற்பார்வையில, அரையணா ஸ்டாம்பைக் கல்லச்சுல அடிச்சாங்க. ஒரு தாளுக்கு 96 ஸ்டாம்ப். கல்லுல ஒரு கீறல் விழுந்தா, அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு தாள்லயும் அதே இடத்துல அது இருக்கும். தேஞ்ச கோட்டைக் கையால திரும்ப வரைஞ்சா, அதுதான் ‘ரீடச்’. கோடு கொஞ்சம் தடிச்சோ விலகியோ தெரியும். ஆஸ்திரேலியாவோட ஐந்தாம் ஜார்ஜ் ஸ்டாம்ப்கள்ல சேகரிப்பாளர்கள் பிளேட் வாரியா தேடுறதும் இந்த மாதிரி அடையாளங்களைத்தான்.

அதனால, ‘பிளேட் வெரைட்டி’ன்னு யாராவது கூடுதல் விலை சொன்னா ஒண்ணு கேளுங்க: இதே குறையோட, இதே இடத்துல, இன்னொரு ஸ்டாம்ப் இருக்கா? இல்லைன்னா அது வெறும் மைத்துளியா இருக்கலாம். லென்ஸ்ல பார்த்து, ரெண்டையும் ஒப்பிட்டுட்டு, அப்புறம் காசைக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!