பெயர் வழங்கியும் புயலும்

1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கப்பெற்ற நகரங்களுள் அன்றைய கல்கத்தாவும் ஒன்று. இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டுபவை எண்கள். மக்கள் நினைவில் நிற்பவையோ பெயர்கள். பெயரைக் கேட்டு எண்ணைக் கூறுவதே டொமைன் நேம் சர்வர் எனப்படும் பெயர் வழங்கியின் பணி. அந்தந்த நிறுவனமே தன் பெயர்களைப் பேணும் இம்முறையை 1983-இல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ்.

கொல்கத்தா அலுவலகமொன்று முதன்முறையாக இதனை அமைப்பதாகக் கொள்வோம். பெயர்களைக் கோப்பில் பதிவது எளிது. திருத்தந்தோறும் கோப்பின் வரிசை எண்ணைக் கூட்டுதல் வேண்டும். புதியவர் மறப்பது இதனையே. மறந்தால் துணை வழங்கி பழைய விவரத்தையே கூறிக்கொண்டிருக்கும்.

துணை வழங்கி கட்டாயம் தேவை. ஆயினும் சிக்கனம் கருதி இரண்டையும் ஒரே அறையில் வைப்பின், கணக்கிற்கு இரண்டு, பயனுக்கு ஒன்றே. 2020 மே 20 அன்று வீசிய ஆம்பன் புயலால் கொல்கத்தாவின் பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் தடைப்பட்டன. அத்தகைய வேளையில் இரு வழங்கிகளும் ஓய்ந்துவிடின், அலுவலகத்தின் அஞ்சல் கணினி தில்லியில் செவ்வனே இயங்கினும் அதற்கு வழி கூறுவார் இரார். துணை வழங்கி சென்னையில் இருப்பின் அது விடையளித்து வரும். முதன்மை வழங்கியின் தொடர்பின்றி எத்தனை நாள் விடையளிக்கலாம் என்பதும் கோப்பிலேயே குறிக்கப்படுகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் என்பது 1996-இல் வெளியான தொழில்நுட்பக் குறிப்பின் பரிந்துரை.