மழைக்குக் காத்திருக்கும் கிழங்கு



வீட்டுத் தோட்டத்துக்கு நிறைவு தருவது பூத்த தொட்டியை வாங்கி வைப்பதா, கிழங்கு நட்டுப் பூக்க வைப்பதா என்பது இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. கிழங்கு நடுவதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் தன் மனக்குறையைச் சொன்னார். ஆசைப்பட்டுப் பத்து டியூலிப் கிழங்கு வாங்கி நட்டாராம். இலை தலைகாட்டியதோடு சரி, கிழங்கு அழுகிப்போனதாம். அதனால் நம் வெயிலுக்குக் கிழங்கு ஒத்துவராது என்று முடித்தார். அவர் வருத்தம் நியாயமானது. அந்த முடிவைத்தான் நான் ஏற்கமாட்டேன். டியூலிப் நிமிர்ந்து பூக்க மூன்று, நான்கு மாதம் பத்து டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் தால் ஏரியைப் பார்த்த மலையடிவாரத்தில், இருக்கும் தோட்டத்தில் அது லட்சக்கணக்கில் பூக்கிறதென்றால், அந்தக் குளிர் அங்கே தானாகவே கிடைக்கிறது. சென்னையில் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு தடவை பூக்க வைத்துவிடலாம். அதிலும் பக்கத்தில் பழுத்த ஆப்பிள் இருந்தால், பழம் விடும் எத்திலீன் வாயுவே உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டாலும் அடுத்த வருஷம் அது நம் ஊரில் பூக்காது.

கிழங்கு என்பது என்ன? வளர முடியாத காலத்தைத் தாண்டுவதற்காக ஒரு செடி மண்ணுக்குள் கட்டி வைத்த சோற்று மூட்டை. ஒவ்வொரு கிழங்கும் தன் ஊர்ப் பருவத்தை எண்ணிக்கொண்டு தூங்கும். டியூலிப் குளிர் எப்போது தீரும் என்று எண்ணுகிறது. நம் மண்ணில் கிடக்கும் கிழங்கு மழை எப்போது வரும் என்று எண்ணுகிறது. நமக்குத்தான் கோடை இருக்கிறதே! வெடித்துக் கிடக்கும் சித்திரை மண்ணுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கக் கிழங்கை விடத் தோதான உடம்பு எது?

நம் மாநிலப் பூவே கிழங்கில் வருவதுதான். செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் நிறுத்தியது அதைத்தான். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்பார்கள். விதையில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காக அதைப் பந்தல் கட்டி வளர்க்கிறார்கள். கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏர்க் கலப்பை மாதிரி வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அப்படி வந்ததுதான். நுனியில் ஒரே ஒரு முளை. அதை உடைத்துவிட்டால் அந்தக் கிளை முளைக்காது, அதனால் குழந்தையின் விரலைப் பிடிப்பது போலப் பிடித்து நட வேண்டும். முளைத்து மேலே வந்ததும் இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொள்ளும். பூ முதலில் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆகச் சிவந்துகொண்டே போகும்.

அந்தக் கிழங்கு விஷமாயிற்றே என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. இதில் அவரோடு எனக்கு வாதமே இல்லை. தின்றால் உயிரைக் குடிக்கும் விஷம் அது. சின்னப் பிள்ளைகளோ ஆடு மாடுகளோ இருக்கும் வீட்டில் காந்தள் வேண்டாம். அந்த வீட்டுக்குச் சம்பங்கி இருக்கிறது.

சம்பங்கியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச அனுமதி கொடுங்கள், நடுவர் அவர்களே. மெக்சிகோவிலிருந்து வந்த செடி. இன்று சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் வயல் வயலாகப் பூத்து, சாமிக்கும் மணமேடைக்கும் மாலையாகிறது. முதல் தடவை நான் பன்னிரண்டு கிழங்கு நட்டேன். பன்னிரண்டையும் கொன்றேன். அன்பு என்று நினைத்துக்கொண்டு காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதம் கழித்துத் தோண்டினால் விரலில் கூழாக ஒட்டியது. நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. அப்புறம்தான் ஒரு விவசாயி சொல்லிக் கொடுத்தார்: "கிழங்கு தனக்கு வேண்டிய சாப்பாட்டோடதாம்மா வந்திருக்கு, நீங்க ஊட்டாதீங்க." செம்மண்ணில் மணலும் மட்கிய தொழு உரமும் கலந்து, தண்ணீர் தேங்காமல் மேடு கட்டி, ஆனி மாதம் மறுபடி நட்டேன். இருபத்தைந்து, முப்பது கிராம் எடையுள்ள கிழங்கு. ஓர் அங்குல ஆழம், போதும்.

புரட்டாசி பிறந்தபோது இலைக் கற்றைக்கு நடுவிலிருந்து தண்டு கிளம்பியது. மொட்டுகள் ஜோடி ஜோடியாக, அடியிலிருந்து மேல்நோக்கி விரியும். பகலில் பக்கத்தில் போனாலும் வாசனை அடக்கமாகத்தான் இருக்கும். விளக்கு வைத்த பிறகு வாசல் நிறைந்துவிடும். எதிர்வீட்டுப் பாட்டி கண் பார்வை இல்லாதவர். "இன்னைக்குப் புதுசா மேல ரெண்டு விரிஞ்சிருக்கு போல" என்று தன் திண்ணையில் இருந்தபடியே சொல்வார். கடையிலிருந்து பூத்தபடி வரும் எந்தத் தொட்டிக்கு அந்தப் பாட்டி அப்படிக் காத்திருந்திருப்பார்?

ஒரு தடவை பூத்த தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது. அது போகும்போது சுற்றிலும் குட்டிகளை விட்டுவிட்டுப் போகும். மூன்றாம் வருஷம் கடப்பாரை போட்டு நெம்பியபோது ஒவ்வொரு குத்திலும் பதினைந்துக்குக் குறையாமல் இருந்தன. நிழலில் ஒரு மாதம் ஆறவைத்து, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். எதிரணியினர் தொட்டி வாங்குவது உடனடி இன்பம் என்றார்கள். உண்மைதான். குளிர்ந்த ஊரில் நிழல்வலைக்குள் வளர்ந்த செடி நம் மொட்டைமாடி வெயிலில் இரண்டு வாரம் நிற்கும். பிறகு காலித் தொட்டி. அதிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்க என்ன மிஞ்சுகிறது?

கிழங்கு தூங்கும் மாதங்களில் தொட்டி வெறிச்சென்று இருக்கும் என்பதும் அவர்கள் குறை. இருக்கட்டும். அதே தொட்டியில் மேலாகக் கீரை தூவக் கூடாது, அதற்கு ஊற்றும் தண்ணீரில் கிழங்கு அழுகிவிடும். பக்கத்துத் தொட்டியில் தூவிக்கொள்ளலாம். வெறும் மண்ணைப் பார்த்து உள்ளே இருக்கிறது என்று நம்பிக் காத்திருப்பதுதான் எனக்குப் பிடித்ததே.

என் அக்கா தென்காசியில் இருக்கிறாள். நான் மதுரையில். எங்கள் இருவர் வீட்டிலும் இருப்பது ஒரே ரெயின் லில்லிக் குத்திலிருந்து பிரித்தது. சின்ன வெங்காயம் அளவுதான் கிழங்கு. நாம் எவ்வளவு குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஒரு நல்ல மழை பெய்தால் சில நாளில் தரை முழுக்க இளஞ்சிவப்பாக எழுந்து நிற்கும். தென்காசியில் சாரல் முந்திவிடும். "இங்க பூத்துருச்சுடி" என்று போன் வரும். அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்க்கத் தொடங்குவேன்.

நடுவர் அவர்களே, மேடைக்குக் கீழே ஒரு மஞ்சப்பை வைத்திருக்கிறேன். நாற்பது ரெயின் லில்லிக் கிழங்கு இருக்கிறது. எதிரணிக்கு முதலில் கொடுங்கள், டியூலிப் நட்ட அண்ணனுக்கு ஐந்து. நடும்போது கிழங்கின் மூக்கு மேலே பார்த்தபடி இருக்கட்டும். நட்ட அன்று ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். மழை வந்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், பார்க்க வருகிறேன்.