கண்ட விலையும் கொண்ட விலையும்

போசரித் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தில் பணிபுரியும் திருநெல்வேலி நண்பர் ஒருவரோடு மாலை வேளைகளில் நாம் தேநீர் அருந்துவதுண்டு. அவர் 2017 ஜூலையில், பிட்காயின் ஒன்று ஏறத்தாழ 2,500 டாலர் விற்றபோது, 40,000 ரூபாய்க்கு அதில் ஒரு சிறு பின்னம் வாங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் விலை 20,000 டாலரை நெருங்கிற்று. மறு டிசம்பரில் 3,200 டாலர் அளவுக்குச் சரிந்தது.

"ஏன் விற்கவில்லை?" என்று வினவினோம்.

"போன பணம் திரும்பட்டும் சார், அன்றைக்கே விற்றுவிடுகிறேன்" என்றார்.

எந்தப் பணம் போயிற்று? கொண்ட விலைக்கு அவருக்கு நட்டமேயில்லை. கைபேசியில் ஒரு நாள் கண்ட விலையையே தம் பெட்டியிலிருந்து களவு போனதாக அவர் மனம் கணக்கெழுதியிருந்தது. கானெமன், ட்வெர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979-இல் விளக்கியது இதுவே: மனம் தான் ஊன்றிய ஒரு கோட்டிலிருந்தே லாபநட்டத்தை அளக்கிறது, அதே அளவு லாபம் தரும் இன்பத்தைவிட நட்டம் தரும் துன்பம் மிகுதி.

2010 மே 22-இல் அமெரிக்கர் ஒருவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்த கதையைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. அன்று அவற்றின் மதிப்பு நாற்பது டாலர் அளவே. பிற்பாடு முளைத்து மடிந்த எண்ணற்ற நாணயங்களைப் பற்றிக்கொண்டு காத்திருந்தவர் கதையை எவரும் சொல்வதில்லை.

புனேயிலேயே அத்தகைய கதை உண்டு. 2015-இல் தொடங்கிய கெயின்பிட்காயின் என்னும் திட்டம், பிட்காயினை ஒப்படைப்போர்க்கு மாதம் 10 விழுக்காடாகப் பதினெட்டு மாதம் தருவதாகக் கூறிற்று. 2017-இல் புதுப்பணம் வற்றவே, எம்கேப் என்னும் தன் சொந்த நாணயத்தைக் கொடுக்கத் தலைப்பட்டது. அதன் மதிப்போ மிகச் சொற்பம். நடத்திய அமித் பரத்வாஜை 2018-இல் புனேக் காவல்துறை கைது செய்தது. வழக்கு முடியுமுன்பே, 2022-இல் அவர் மறைந்தார். அங்கே பணமிட்டவரும் காத்திருந்தார். நம் நண்பரும் காத்திருந்தார். ஆயின் நண்பர் விற்க விரும்பியிருந்தால் வழி இருந்தது, அவர்க்கோ இல்லை. இயலாமைக்குப் பொறுமை என்று பெயரிட்டுக் கொள்வதில் மனம் வல்லது.

(நண்பர்க்கும் வழி எளிதாயிருக்கவில்லை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இவ்வணிகத்துக்கு வங்கிச் சேவையைத் தடுத்தது. 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று.)

நம்மவர் நடத்தும் ஏலச்சீட்டில் இருபது பேரெனில் இருபதாம் மாதம் கணக்கு முடிந்துவிடும். நாணயத்துக்கு அப்படியொரு கடைசி மாதம் இல்லை. வைத்திருப்பவரே அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆகவே 2020-இல் அவரைக் கேட்டோம்: "இன்று இந்த நாணயம் உம்மிடம் இல்லை, அதன் விலைப் பணமே கையிலிருக்கிறது எனின், இதை வாங்குவீரா?"

நெடுநேரம் கழித்து, "பெண்ணுடைய கல்லூரிக் கட்டணத்தை எடுத்து வாங்க மாட்டேன் சார்" என்றார். அவ்வாரமே பாதியை விற்றார்.

2021 நவம்பரில் விலை 69,000 டாலர் அளவுக்கு ஏறிற்று. அன்று மாலை தேநீர்க் கடையில், "பாதியைக் கொடுத்தது பிசகோ சார்?" என்று கேட்டார். அவர் மகள் அப்போது இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள்.